வெள்ளி மாலை கிளம்பி திங்கள் காலை திரும்ப: சென்னை டைவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காற்று டாங்க் கட்டிக்கொண்டு கடலில் மூழ்கும் ஸ்கூபாவைக் கற்றுக்கொண்டு தேர்ச்சி அட்டை வாங்கிய பிறகு கடல் பக்கமே போகாமல் இருக்கும் நண்பர்கள் எனக்கு நிறையப் பேர் உண்டு. கேட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: லீவு இல்லை. டைவ் என்றால் அந்தமான், அந்தமான் என்றால் ஒரு வாரம் என்று மனதில் பதிந்துவிட்டது. ஆனால் நாம் இருக்கும் இடத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வங்கக் கடல் வாசலிலேயே இருக்கிறது. இலங்கை ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவான விமானப் பயணம். மாலத்தீவும் தூரமில்லை. இந்தக் கடல்கள் எல்லாமே ஆண்டு முழுக்க 26 முதல் 30 டிகிரி வரை வெதுவெதுப்பாக இருப்பவை. ஐரோப்பாவில் இருப்பவர்கள் பத்து மணி நேரம் பறந்து வந்து பார்க்கும் கடல் நமக்குப் பக்கத்து வீடு.

எந்த வாரம் எந்தக் கடல் என்று தேர்வதில்தான் சிக்கல். படங்களைப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதற்குள் வார இறுதியைத் திணிக்கப் பார்க்கிறோம். நான் அதைத் தலைகீழாகச் செய்யச் சொல்கிறேன். எந்த வரிசையில் முடிவெடுக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: திரும்பும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

தண்ணீருக்கடியில் அழுத்தத்தில் மூச்சு விடும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் உடல் திசுக்களில் கரைகிறது. மேலே வந்த பிறகு அது மெதுவாகத்தான் வெளியேறும். அது வெளியேறி முடிவதற்குள் விமானம் ஏறினால், கேபினில் குறையும் காற்றழுத்தத்தால் மிச்சமிருக்கும் நைட்ரஜன் குமிழியாகி மூட்டு வலியில் தொடங்கி பக்கவாதம் வரை கொண்டுபோய் விடலாம். அதனால் டைவர்கள் பாதுகாப்பு அமைப்பான டான் வகுத்த அளவு இது: ஒரே ஒரு டைவ் என்றால் விமானம் ஏறுவதற்கு முன் குறைந்தது 12 மணி நேரம். ஒரு நாளில் பல டைவ் அல்லது பல நாள் டைவ் என்றால் குறைந்தது 18 மணி நேரம். படிப்படியாக நின்று மேலேறவேண்டிய டீகம்ப்ரஷன் டைவ் என்றால் அதற்கும் மேலே.

வார இறுதிப் பயணத்தின் முழு வடிவத்தையும் இந்த 18 மணி நேரம்தான் தீர்மானிக்கிறது. ஞாயிறு இரவு 8 மணிக்கு விமானம் என்றால் உங்கள் கடைசி டைவ் ஞாயிறு அதிகாலை 2 மணிக்குள் முடிந்திருக்க வேண்டும். அதாவது, நடைமுறையில் சனிக்கிழமையோடு டைவ் முடிந்தது. விமானத்தில் போகிற எந்த இரண்டு நாள் பயணமும் உண்மையில் ஒரே ஒரு டைவ் நாள்தான். அந்த ஒரு நாளுக்கு அந்த இடம் தகுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இதை நான் திருகோணமலையில் கற்றுக்கொண்டேன். ஞாயிறு காலை இரண்டு டைவ், இரவு கொழும்பிலிருந்து விமானம் என்று திட்டம் போட்டு வைத்திருந்தேன். இடையில் ஆறு மணி நேரச் சாலைப் பயணம் இருக்கிறதே, போதும் என்று நினைத்துக்கொண்டேன். அங்கிருந்த வயதான டைவ் மாஸ்டர் டிக்கெட்டை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இண்டைக்குக் கரையில நில்லுங்கோ. டிக்கெட்டை மாத்தினால் டாங்க் தாறன்." மாற்ற முடியவில்லை. அன்று கரையில்தான் நின்றேன். அவருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

சாலையிலோ ரயிலிலோ திரும்பினால் இந்தக் கணக்கு மாறும், ஆனால் மலை ஏறாமல் இருந்தால் மட்டும். சுமார் 610 மீட்டருக்கு மேல் ஏறும் எந்தப் பயணத்துக்கும் விமான விதியே பொருந்தும். பெங்களூரு நண்பர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. கர்நாடகக் கரையிலுள்ள முருடேஸ்வரில் ஞாயிறு மதியம் டைவை முடித்துவிட்டு இரவுப் பேருந்தில் ஏறினால், அந்தப் பேருந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறி, கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊரில் இறக்கிவிடுகிறது. அதே இடத்திலிருந்து சென்னைக்கு வருபவருக்கு இந்தக் கவலை குறைவு. மங்களூரு ரயில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத்தான் வருகிறது. கோயம்புத்தூரே சுமார் 410 மீட்டர்தான்.

இரண்டாம் படி: வாடையா, சோளகமா?

இடத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் காலண்டரைப் பாருங்கள். நம்மைச் சுற்றியுள்ள கடல்கள் இரண்டு காற்றுகளின் பிடியில் இருக்கின்றன. ஈழத்து மீனவர்கள் தென்மேற்குக் காற்றைச் சோளகம் என்கிறார்கள். நம் தென் மாவட்டங்களில் கச்சான் என்பார்கள். வடகிழக்குக் காற்று இரு கரையிலும் வாடைதான்.

சோளகம் மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை வீசும். அப்போது மேற்குப் பார்த்த கரைகளெல்லாம் கொந்தளிக்கும்: கொழும்பு, ஹிக்கடுவ, முருடேஸ்வர், கோவா. ஆனால் அதே மாதங்களில் இலங்கையின் கிழக்குக் கரை குளம் போலக் கிடக்கும். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் அதுதான் பருவம். அக்டோபர் நடுவில் வாடை திரும்பியதும் எல்லாம் இடம் மாறும். கிழக்குக் கரை மூடும், கொழும்புப் பக்கம் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை தெளியும். ஒரே தீவில் ஏதாவது ஒரு பக்கம் எப்போதும் திறந்திருக்கிறது. வார இறுதி டைவருக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது.

நம் சோழமண்டலக் கரைக்கு அக்டோபர் நடுவிலிருந்து ஜனவரி வரை கெட்ட காலம். மழை மட்டுமல்ல காரணம். தென்பெண்ணையும் செஞ்சியாறும் கொண்டுவந்து கொட்டும் வண்டல் பல நாட்களுக்குக் கடலைக் கலங்கலாகவே வைத்திருக்கும். மழை நின்று வெயில் அடித்தாலும் தண்ணீர் தெளிய நேரமெடுக்கும். பிப்ரவரி பிறந்த பிறகு போங்கள்.

அந்தமானுக்கு பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மிகச் சிறப்பு. மாலத்தீவுக்கு டிசம்பர் முதல் ஏப்ரல் வரை தெளிவான தண்ணீர்.

வெதுவெதுப்பு என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. சூடு கூடினால் நமக்குச் சுகம், பவளத்துக்கு மரணம். தண்ணீர் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரங்கள் நீடித்தாலே பவளம் தன்னுள் வாழும் பாசியை வெளியேற்றி வெளுத்துவிடும். 2010இலும் 2016இலும் அந்தமானிலும் மன்னார் வளைகுடாவிலும் இது நடந்தது. 2024இல் மாலத்தீவும் லட்சத்தீவும் அடிபட்டன. பத்து வருடத்துக்கு முன் எடுத்த படத்தைப் பார்த்து ஏப்ரல், மே மாதத்தில் பவளம் பார்க்கக் கிளம்பாதீர்கள். அந்த மாதங்களில் மீன் கூட்டத்துக்காகவும் மூழ்கிய கப்பல்களுக்காகவும் போங்கள்.

மூன்றாம் படி: அட்டை என்ன சொல்கிறது, கடைசி டைவ் எப்போது?

ஓப்பன் வாட்டர் என்ற தொடக்கநிலை அட்டை 18 மீட்டர் வரை. அடுத்த நிலையான அட்வான்ஸ்டு இருந்தால் 30. அட்டையே இல்லாமல் முதல் முறை முயல்பவர் பயிற்சியாளரின் கையைப் பிடித்துக்கொண்டு 12 மீட்டர் வரைதான். இந்த எண்களை வைத்துப் பார்த்தாலே பாதி இடங்கள் பட்டியலிலிருந்து கழன்றுவிடும். கொழும்பின் நல்ல கப்பல்கள் பெரும்பாலும் 30 மீட்டரை ஒட்டியோ அதற்குக் கீழோ கிடக்கின்றன. ஓப்பன் வாட்டரோடு அங்கே போனால் கப்பலின் தலையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

அட்டையைவிட முக்கியம், கடைசியாக எப்போது தண்ணீரில் இறங்கினீர்கள் என்பது. ஓராண்டு இடைவெளி விழுந்திருந்தால் வார இறுதியின் முதல் டைவை ஆழமில்லாத இடத்தில் ஒரு மீள்பயிற்சியாக வைத்துக்கொள்ளுங்கள். மாஸ்க்கில் தண்ணீர் விட்டு வெளியேற்றுவது, மூச்சு விடும் ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுத்துத் திரும்ப மாட்டுவது, மிதப்பைச் சமன் செய்வது எல்லாம் நினைவில் இருக்கும், கைக்கு வராது. அடுத்த படியில் புதுச்சேரியை நான் முதலில் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நான்காம் படி: இடங்களை எடைபோடுங்கள்

புதுச்சேரி. சென்னைவாசிக்கு வார இறுதி டைவ் என்றால் என் முதல் விடை இதுதான், நான் எத்தனை கடல் பார்த்திருந்தாலும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 150 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். மலை இல்லை, விமானம் இல்லை. எனவே சனியும் ஞாயிறும் காலையில் டைவ் போகலாம், ஞாயிறு மாலை காரை எடுக்கலாம். நிஜமாகவே இரண்டு டைவ் நாள் கிடைக்கும் இடம் இது ஒன்றுதான்.

இங்கே பவளத் தோட்டம் எதிர்பார்த்துப் போகாதீர்கள். அடித்தரை மணலும் பாறையும்தான். 'டெம்பிள் ரீஃப்' என்று டைவர்கள் அழைக்கும் இடம், வீணான பொருட்களையும் கட்டமைப்புகளையும் சுமார் 18 மீட்டர் ஆழத்தில் இறக்கி உருவாக்கிய செயற்கைப் பாறைத்திட்டு. வெறும் மணல்வெளியில் ஒரு மறைவிடம் கிடைத்தால் கடல் என்ன செய்யும் என்பதை அங்கே பார்க்கலாம். கலவாய், விளைமீன், சிங்க மீன், விலாங்கு, மேலே வட்டமிடும் பாறை மீன் கூட்டம், சில நாட்களில் சீலா. மார்க்கெட்டில் ஐஸ் மேல் கிடத்தி வைத்துப் பார்த்த மீனை, அதன் வீட்டில் உயிரோடு பார்ப்பது வேறு அனுபவம். நமக்குப் பெயர் தெரிந்த மீன்கள் அவை.

குறை ஒன்று உண்டு: தெளிவு. ஒரு நாள் 20 மீட்டர் தூரம் தெரியும், மறுநாள் 5 மீட்டர். அதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது, தருபவரை நம்ப வேண்டாம். இன்னொன்று, படகுப் பயணம். கரையிலிருந்து சில கிலோமீட்டர் போக வேண்டும், திறந்த கடல் என்பதால் படகு ஆடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை இருக்கும். இழுவலைகள் ஓய்ந்திருக்கும் அந்த நாட்களில் அங்கே இறங்குவது எனக்கு மிகப் பிடிக்கும்.

கொழும்பு. நவம்பர் முதல் ஏப்ரல் வரை மட்டும். அட்வான்ஸ்டு அட்டை இருப்பவருக்கு, விமானத்தில் போகும் இடங்களில் கணக்கு மிகச் சரியாக விழுவது இங்கேதான். வெள்ளி இரவு இறங்குங்கள். சனி காலை படகு, இரண்டு கப்பல், மதியத்துக்குள் கரை. ஞாயிறு காலை எட்டு ஒன்பது மணிக்கு விமானம் பிடித்தால் 18 மணி நேரம் தாண்டியிருக்கும். மதிய விமானம் என்றால் இன்னும் நிம்மதி.

துறைமுகத்துக்கு வெளியே கடலடியில் பல காலத்துக் கப்பல்கள் கிடக்கின்றன. ஆழமானவற்றில் ஒன்று 'பெர்சியஸ்'. முதல் உலகப் போரில் ஜெர்மனியின் 'வுல்ஃப்' என்ற கப்பல் கொழும்புக்கு வெளியே விதைத்துவிட்டுப் போன கண்ணிவெடியில் மோதி 1917 பிப்ரவரியில் மூழ்கியது. அது சாதாரண டைவருக்கான ஆழமல்ல, தனிப் பயிற்சி வேண்டும். ஆனால் உங்கள் அட்டைக்கு ஏற்ற கப்பல்களும் இருக்கின்றன. என்னென்ன ஆழம் என்று கேட்டு முன்கூட்டியே தேர்ந்துகொள்ளுங்கள். கடல் கொஞ்சம் கெட்டாலும் படகு போகாது என்பதால், ஒரே ஒரு டைவ் நாளை நம்பிப் போகும் அபாயம் இருக்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை அந்த அபாயம் குறைவு.

இலங்கைக்குப் போகுமுன் ஈடிஏ என்ற மின்னணுப் பயண அனுமதியின் அன்றைய விதியைப் பாருங்கள். கட்டணமும் சலுகையும் மாறிக்கொண்டே இருக்கின்றன.

திருகோணமலை. மே முதல் செப்டம்பர் வரை. இரண்டு நாளில் முடியாது, மூன்று நாள் வேண்டும். ஆகஸ்ட் 15 வெள்ளியிலோ திங்களிலோ விழும் ஆண்டுகளில் நான் முதலில் நினைப்பது இந்த ஊரைத்தான். கொழும்பிலிருந்து சாலையில் ஆறு மணி நேரம். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நேரடி விமானம் இருக்கும் நாளில் பலாலியில் இறங்கினால் தெற்கே சுமார் நாலைந்து மணி நேரம், வழியெல்லாம் தமிழ்.

கோணேசர் கோயில் நிற்கும் செங்குத்துப் பாறையின் அடிவாரமே ஒரு டைவ் இடம். திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய அந்தப் பழைய கோயிலைப் பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இடித்துக் கடலில் தள்ளினார்கள். 1956இல் மைக் வில்சனும் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அந்தப் பாறையடியில் மூழ்கியபோது கோயிலின் கற்களையும் தூண்களையும் கண்டார்கள். வேலைப்பாடுள்ள கல் ஒன்றின் மேல் பவளமும் கடற்பஞ்சும் வளர்ந்திருக்க, அதைச் சுற்றி மீன்கள் மேய்வதைப் பார்த்தபோது எனக்கு மூச்சுச் சத்தம்கூட அதிகமாகத் தோன்றியது. ஒரு கோயிலுக்குள் இருப்பது போலத்தான் அங்கே இருந்தேன். எதையும் தொடாதீர்கள், எடுக்காதீர்கள். கரையேறிய பிறகு மேலே போய் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள்.

நிலாவெளிக்கு எதிரே ஒரு கிலோமீட்டர் தொலைவில் புறாத்தீவு. 2003 முதல் தேசியப் பூங்கா. கரும்முனைச் சுறாக் குட்டிகள் இடுப்பளவு தண்ணீரில் திரிவதை அங்கே பார்க்கலாம், டாங்க்கூட வேண்டாம், ஸ்நார்கல் போதும். டைவ் செய்யாத குடும்பத்தினரை அழைத்துப் போக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. இன்னும் தெற்கே பாசிக்குடாப் பக்கம் 'பிரிட்டிஷ் சார்ஜன்ட்' என்ற எண்ணெய்க் கப்பல் ஏறக்குறைய 25 மீட்டரில் கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தவற்றில் ஒன்று. அதே நாளில் மூழ்கிய விமானந்தாங்கிக் கப்பல் 'ஹெர்மிஸ்' மட்டக்களப்புக்கு வெளியே 50 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. அது, தனிப் பயிற்சி பெற்று மிக ஆழம் போகும் டெக்னிகல் டைவர்களின் கனவு.

நேத்ராணி. கர்நாடகத்தில் முருடேஸ்வருக்கு எதிரே, கரையிலிருந்து ஏறத்தாழ 19 கிலோமீட்டர் தள்ளி உள்ள தீவு. அக்டோபரிலிருந்து மே வரை. தண்ணீர் பெரும்பாலும் தெளிவு, ஆழம் கம்மி, ஆமை வரும். பெங்களூருவிலோ மங்களூருவிலோ இருப்பவருக்கு அருமை. சென்னையிலிருந்து ஒரு இரவும் பாதிப் பகலும் ரயிலில் போக வேண்டும் என்பதால் மூன்று நாள் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

மாலே. மாலத்தீவின் தொலைதூர ரிசார்ட்டுகளை மறந்துவிடுங்கள், அவை வார இறுதிக்கானவை அல்ல. விமான நிலையத்தை ஒட்டியிருக்கும் ஹுல்ஹுமாலேயில் விருந்தினர் இல்லத்தில் தங்கினால் நல்ல டைவ் இடங்கள் படகில் பக்கத்திலேயே இருக்கின்றன. 'மால்டிவ் விக்டரி' என்ற சரக்குக் கப்பல் 1981 பிப்ரவரி 13 அன்று மோதி மூழ்கி, ஓடுபாதைக்கு அருகிலேயே நிமிர்ந்து நிற்கிறது. அடித்தளம் சுமார் 35 மீட்டரில், அந்நாட்டுச் சட்டப்படி பொழுதுபோக்கு டைவ் 30 மீட்டரோடு நிற்க வேண்டும். நீரோட்டம் கடுமை, புதியவருக்கு வேண்டாம். இந்தியர்களுக்கு வந்திறங்கியதும் விசா இலவசம். பயணத்துக்கு 96 மணி நேரத்துக்குள் 'இமுகா' படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். திருவனந்தபுரத்திலிருந்து நேரடி விமானம் இருக்கும் நாளில் தென் மாவட்டத்துக்காரர்களுக்கு இது புதுச்சேரியைவிடப் பக்கம்.

அந்தமான். மனம் தாங்காமல் வார இறுதியில் போவேன் என்றால் குறைந்தது நான்கு நாள் வையுங்கள். சென்னையிலிருந்து ஸ்ரீ விஜயபுரம், அதாவது பழைய போர்ட் பிளேர், இரண்டேகால் மணி நேரம். அங்கிருந்து ஹாவ்லாக் என்கிற ஸ்வராஜ் தீவுக்குக் கப்பல் ஒன்றரை இரண்டு மணி நேரம். முதல் நாள் போவதற்கே சரியாகிவிடும். கடைசி நாள் நைட்ரஜனுக்கு. நடுவில் இரண்டு நாள். கடல் கெட்டால் கப்பல் நிற்கும், அப்போது விமானம் தவறும். அந்தமான் ஒரு வாரம் கேட்கிற இடம். அதற்குரிய மரியாதையைக் கொடுத்து தனியாகப் போங்கள்.

மன்னார் வளைகுடாவைப் பற்றி பலரும் கேட்கிறார்கள். முத்துக்குளித்துறை நம்முடையது, 1961 வரை தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்தது, அங்கே ஏன் போகக்கூடாது என்று. 21 தீவுகளைக் கொண்ட அந்தப் பகுதி 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதியின்றித் தீவுகளுக்குள் நுழைய முடியாது. ஏற்கெனவே மிகவும் நொந்துபோன பவளம் அது. விட்டு வைப்பதுதான் நாம் அதற்குச் செய்யக்கூடியது. லட்சத்தீவுக்கு நுழைவு அனுமதி, கொச்சி வழி விமானம் என்று முன்னேற்பாடு நிறைய வேண்டியிருப்பதால் அதுவும் வார இறுதிக்கு ஒத்துவராது.

ஐந்தாம் படி: டைவ் மையத்துக்குப் போன் போடுங்கள்

மெசேஜ் வேண்டாம், பேசுங்கள். பதில் சொல்லும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும். நான் கேட்பவை: ஒரு வழிகாட்டிக்கு எத்தனை டைவர்? நான்குக்கு மேல் போனால் நான் தயங்குவேன், கலங்கல் தண்ணீரில் இன்னும் குறைவாக இருக்க வேண்டும். படகில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதா? நிரம்பியிருக்கிறதா? எல்லோரும் கீழே போயிருக்கும்போது படகில் யார் இருப்பார்? அவசரம் என்றால் எந்த மருத்துவமனை, நைட்ரஜன் தொல்லைக்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை மிக அருகில் எங்கே? அந்தமானில் கடற்படை மருத்துவமனையில் இருக்கிறது, மாலத்தீவில் பாண்டோஸ் தீவில் இருக்கிறது என்று உடனே சொல்லத் தெரிந்தவர் அந்த வேலையை மதிப்பவர்.

ஒருமுறை ஒரு மையத்தின் படகில் ஆக்சிஜன் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னேன். உள்ளே லைஃப் ஜாக்கெட்டுகள் இருந்தன. "இதுவரைக்கும் தேவைப்பட்டதே இல்ல சார்" என்றார்கள். முன்பணம் போனாலும் பரவாயில்லை என்று அன்று நான் இறங்கவில்லை. நீங்களும் இறங்காதீர்கள்.

அப்புறம், வானிலையால் படகு ரத்தானால் பணம் என்ன ஆகும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பணம் திரும்ப வராது என்கிற மையம், ஓட்டக்கூடாத நாளிலும் படகை ஓட்டும் சபலத்துக்கு ஆளாகும். சாதாரணப் பயணக் காப்பீடு பெரும்பாலும் டைவ் விபத்தை ஏற்காது. டைவ் காப்பீடு தனியாக எடுங்கள்.

ஆறாம் படி: அந்த வாரம்

புதன்கிழமையிலிருந்து ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் மையத்தின் கடல்நிலை முன்னறிவிப்பைப் பாருங்கள். மீனவர்களுக்காக வெளியிடுவது, எல்லோருக்கும் இலவசம். அலை உயரம் ஒரு மீட்டருக்குள் இருந்தால் நல்லது, ஒன்றரையைத் தாண்டினால் சிறு படகில் பாடுதான். வானம் தெளிவாக இருந்தாலும், தூரத்துப் புயலிலிருந்து வரும் நீண்ட அலை இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள்.

நாட்காட்டியில் திதியையும் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓத ஏற்ற இறக்கம் அதிகம், நீரோட்டமும் அதிகம். அட்டமியும் நவமியும் அதற்கு நேர் எதிர், கடல் சோம்பிக் கிடக்கும். கல்யாணத்துக்கும் புதுமனை புகுவதற்கும் நாம் ஒதுக்கும் அந்த நாட்கள்தான் மாலேயிலும் அந்தமானிலும் புதிய டைவருக்கு மிக இதமான நாட்கள். புதுச்சேரியில் ஓத வேறுபாடு குறைவு என்பதால் இவ்வளவு பார்க்கத் தேவையில்லை.

சளி இருந்தால் போகாதீர்கள். மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கினால் கீழே மருந்து தீர்ந்து, மேலே வரும்போது காற்று காதில் சிக்கிக்கொள்ளும்.

ஏழாம் படி: பை

சொந்தமாக வாங்க வேண்டியவை மாஸ்க், ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் டைவ் கம்ப்யூட்டர், இந்த இரண்டுதான். முகத்துக்குப் பொருந்தாத மாஸ்க் ஒரு வார இறுதியையே கெடுத்துவிடும். மற்றவை வாடகைக்குக் கிடைக்கும். 28 டிகிரி தண்ணீர்தானே, டி-ஷர்ட் போதும் என்று நினைக்க வேண்டாம். காற்றைவிட 25 மடங்கு வேகமாகத் தண்ணீர் உடல் சூட்டை இழுக்கும், இரண்டாவது டைவின் இருபதாவது நிமிடத்தில் பல் கிட்டும். 3 மில்லிமீட்டர் முழு உடை போட்டுக்கொள்ளுங்கள். சொறி மீனிடமிருந்தும் அது காப்பாற்றும்.

வாந்தி மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வாங்கி, முதலில் வீட்டில் ஒருநாள் போட்டுப் பாருங்கள். சிலவற்றுக்குத் தூக்கம் வரும், தூக்கக் கலக்கத்தோடு டைவ் கூடாது. காலையில் இரண்டு இட்லி போதும். பூரியும் காபியும் படகில் வேலையைக் காட்டும். வெள்ளி இரவு வண்டியில் போய்ச் சேர்ந்ததும் மது வேண்டாம், நிறையத் தண்ணீர் குடியுங்கள். தூக்கமும் நீரும் இல்லாத உடம்பில் நைட்ரஜன் தொல்லை எளிதாக வரும்.

எட்டாம் படி: சனி, ஞாயிறு

ஆழமான டைவை முதலில், ஆழம் குறைந்ததை அடுத்து. நடுவில் கரையிலோ படகிலோ ஒரு மணி நேரமாவது இடைவெளி. மேலே வரும்போது 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்பதை யார் அவசரப்படுத்தினாலும் விடாதீர்கள். விமானத்தில் திரும்புபவர் சனி மதியத்தோடு நிறுத்துங்கள். "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று நண்பர்கள் இழுப்பார்கள்.

ஞாயிறு என்ன செய்வது என்று கேட்பீர்கள். கொழும்பில் புறக்கோட்டையில் சுற்றலாம், திருகோணமலையில் கன்னியா வெந்நீரூற்றில் குளிக்கலாம். புதுச்சேரி என்றால் காலையில் இன்னும் இரண்டு டைவ் போய்விட்டு, மதியம் சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டபின் வண்டியை எடுங்கள். டைவ் முடிந்த களைப்போடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டுவது கடலடியைவிட ஆபத்து.

வீட்டுக்கு வந்ததும் மாஸ்க்கையும் உடையையும் வாளியில் நல்ல தண்ணீரில் ஊறப்போடுங்கள். டைரியில் ஆழம், நிமிடம், தண்ணீரின் சூடு, தெளிவு, பார்த்த மீன் எல்லாவற்றையும் அன்றிரவே எழுதி வையுங்கள். அடுத்த பிப்ரவரியில் எந்தக் கடலுக்குப் போவது என்று யோசிக்கும்போது அந்த நாலு வரிதான் முதலில் கைக்கு வரும்.